நிரூபிக்க முடியாத கடவுளை நம்புவது அறிவுக்குப் பொருந்துமா?

மேல்மலை ஆசிரியை (கேள்வி)

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் இயக்க விதிகளை நடத்தி முடிக்கும்போது, வழக்கமான உற்சாகத்தில், “சோதித்துக் காட்ட முடியாத எதையும் அறிவியல் ஏற்பதில்லை, நீங்களும் ஏற்காதீர்கள்” என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, குறும்பு சிறிதும் இல்லாத குரலில், “அப்படியானால் நீங்கள் ஏன் டீச்சர் திருநீறு பூசி வருகிறீர்கள்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, “அது வேறு, இது வேறு” என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக் கணக்குக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துகொண்டாள், ஆனால் நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. மற்ற நாள்களில் நான் தும்மினால்கூட எழுதிக்கொள்கிற பெண் அவள்.

எப்படி வேறு என்று அவள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் நம்புகிறவள். எங்கள் வீட்டில் பூண்டு விவசாயம். நடவு நாளில் அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, முதல் பல்லைக் குழந்தை வேலப்பர் பேரைச் சொல்லி ஊன்றுவார். அதன் பிறகுதான் கூலியாட்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால்தான் நம்புகிறேனா, அல்லது நம்புவதற்கு வேறு தகுந்த காரணம் இருக்கிறதா என்பதை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேறு ஊரில், வேறு வீட்டில் பிறந்திருந்தால் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

சில விடைகளை நானே தள்ளி வைத்துவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்க வேண்டும் என்று குறிஞ்சிக்கு யார் சொல்லித் தந்தார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். 2018-இல் மலை நீலமானபோது நானும் மெய்ம்மறந்து நின்றேன். ஆனால் எல்லாச் செடிகளும் ஒரே ஆண்டில் பூத்து விதைத்தால், விதை தின்னும் உயிர்களால் அத்தனையையும் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும் என்ற விளக்கத்தை நானே வகுப்பில் சொல்கிறேன். வியப்பு என்பது வாதம் ஆகாது. பெரிய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள் என்பதும் வேண்டாம்; நம்பாதவர்களும் பலர். மன நிம்மதி கிடைக்கிறது என்பதும் வேண்டாம். நிம்மதி தருவதெல்லாம் உண்மையாகிவிடுமா?

கடவுள் உண்டா என்று நான் கேட்கவில்லை. உண்டென்று காட்ட முடியாத நிலையிலும் உண்டென்று கொள்வது அறிவுள்ளவர் செய்யத் தக்கதுதானா? அல்லது பழக்கத்துக்கு நாம் சூட்டிய மரியாதையான பெயர்தான் நம்பிக்கையா?

பகலோன்

அம்மா, வணக்கம். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னால் உங்கள் கேள்வியில் பாதி தெளியும் என்று நினைக்கிறேன்.

1899-இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில் 1904 முதல், வானம் இடம் கொடுத்த நாள்களிலெல்லாம் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் வானத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். காலையில் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். நேரம் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வரும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், விடிந்ததிலிருந்தே மேகம். பதிவேட்டில் அன்றைய கட்டத்தில், சூரியப் புள்ளிகளின், அதாவது சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளின், எண்ணிக்கைக்கு நேரே சுழியம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மூத்தவர் ஒருவர் பதிவேட்டைத் திருப்பி என் முன்னே வைத்து, “நேற்று நீ சூரியனைப் பார்த்தாயா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, மேகம்” என்றேன். “அப்படியானால் மேகம் என்று எழுது. சுழியம் போட்டால், பார்த்தேன், புள்ளி இல்லை என்று பொருள். நீ எழுதியிருப்பது பொய்க்கணக்கு” என்று சொல்லி, என் கையாலேயே அதை அடித்து எழுத வைத்தார்.

காணாததும் இல்லாததும் ஒன்றல்ல. எங்களைப் போன்றவர்களைப் பார்த்து நம்பிக்கையாளர்கள் சொல்லும் குறை இதுதான். நியாயமான குறை என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சூரியன் மிகவும் அடங்கிக் கிடந்தது. நூற்றுக்கணக்கான நாள்களில் அதன் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வானம் தெளிவு, கருவி சரி, பார்ப்பவருக்குப் பழகிய கண். இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். அந்த நாள்களில் போட்ட சுழியம் உண்மைக் கணக்கு.

ஆகவே கடவுள் விஷயத்தில் நாம் மேகத்துக்குள் நிற்கிறோமா, தெளிந்த வானத்தின் கீழ் நிற்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். மழை தருகிறார், நோய் தீர்க்கிறார், தேர்வில் மதிப்பெண் போடுகிறார் என்று சொல்லப்படும் இடங்களில் வானம் தெளிவாகவே இருக்கிறது. அங்கே பார்க்க முடியும், பார்த்தும் இருக்கிறோம், வேண்டிக்கொண்டவர் காட்டில் கூடுதலாக மழை பெய்ததில்லை.

கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் ஒரு கேள்வி எழுப்பினார். பழுதான கப்பலைச் சோதிக்காமல், கடவுள் காப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பும் உரிமையாளர் குற்றவாளியா? கப்பல் தப்பித்தவறிக் கரை சேர்ந்துவிட்டாலும் அவர் குற்றவாளியே என்பது அவருடைய முடிவு. ஏனென்றால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமையே கிடையாது. நம் ஊருக்குக் கப்பல் வேண்டாம். வத்தலக்குண்டு இறக்கத்தில் வண்டியெடுக்கும் ஓட்டுநர் போதும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டு, பிரேக்கைப் பார்க்காமல் இறங்குகிறவரின் வண்டியில் நீங்கள் உங்கள் மாணவிகளை ஏற்றுவீர்களா?

வத்தலக்குண்டு வாசகன்

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. கடவுள் இல்லாவிட்டால், நம்பியதால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. இருந்துவிட்டால், நம்பாதவர் கதி என்ன? நம்பிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டம்

வத்தலக்குண்டு நண்பர் சொல்வதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணித மேதை பந்தயமாக அமைத்துக் காட்டிவிட்டார். கொடைக்கானல் மலையிலேயே குறிஞ்சி ஆண்டவர் இருக்கிறார், சலேத் மாதா இருக்கிறார், பள்ளிவாசல் இருக்கிறது. எந்தப் பக்கம் பந்தயம் கட்டுவது என்பதை அந்தக் கணக்கு சொல்லித் தருவதில்லை. தவிர, இலாப நட்டம் பார்த்து வந்து நிற்கும் பக்தனைக் கண்டு மனம் மகிழ்கிற கடவுள், வட்டிக்கடைக்காரரைவிட எந்த வகையில் உயர்ந்தவர்? அதை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆசிரியை அவர்களே, நான் சைவன். சாத்திரங்களைக் கொஞ்சம் படித்தவன். பகலோன் ஐயா சொன்ன பதிவேட்டுக் கதையைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் நம் நாட்டுத் தருக்க நூலார் இதே இடத்தில் நின்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். “இங்கே குடம் இல்லை” என்று எப்படி அறிகிறோம் என்பது அவர்களுடைய கேள்வி. குடம் கண்ணில் படாததால் அறிகிறோம் என்பது விடை. இதை அபாவம் (இன்மை) என்ற தனி அளவையாகவே, அதாவது தனி அறியும் வழியாகவே, வேத ஆராய்ச்சியாளர்களான மீமாஞ்சகரில் பாட்டர் என்ற பிரிவினர் வைத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. பகலோன் ஐயாவின் மூத்தவர் சொல்லித் தந்ததும் இதுதான்.

நம்பிக்கை என்றாலே கேள்வி கேட்காமல் ஏற்பது என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தம் சாத்திரத்தில், எதைக் கொண்டு எதை அறிவது என்னும் அளவை ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்து, காண்டல், கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத் தகுந்தவர் சொல்) என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்கிக் காட்டுகிறார். பிற சமயங்களை எடுத்து மறுக்கும் பகுதியில் அவர் முதலில் பேச விடுவது உலகாயதனை. அதாவது கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பவனை. அவன் வாதத்தை விரிவாகச் சொன்ன பிறகே மறுப்புக்கு வருகிறார். ஐயம் கொள்பவரை வாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் அந்த மரபில் இல்லை.

இனி என் மனத்தில் உள்ளது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். கட்டியவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மனிதக் கை செய்தது என்பதில் எவருக்கும் ஐயம் வருவதில்லை. நியாய நூலார், குறிப்பாக உதயணர், உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டென்று காட்டியது இந்த வழியில்தான். குடத்துக்குக் குயவன்போல, காரியமாகிய உலகுக்கு ஒரு கருத்தா. சிறு வயதில் இது எனக்கு அசைக்க முடியாத வாதமாகத் தோன்றியது. பிறகு பௌத்தராகிய தருமகீர்த்தியின் மறுப்பைத் தெரிந்துகொண்டேன். புற்றும் மண்ணால் ஆனதுதான், அதற்கும் ஒரு வடிவம் உண்டு. அதற்காக அதைக் குயவன் செய்தான் என்பாயா? ஒருநாள் கல்திட்டையின் மூடுகல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கல்லை மனிதர் வைத்தார் என்று நான் அறிவது, மனிதர் கல் அடுக்குவதை வேறு இடங்களில் பார்த்திருப்பதால். இது நிற்கிற பாறையை ஒருவர் செய்வதை எங்கே பார்த்திருக்கிறேன்? உலகங்கள் செய்யப்படுவதைப் பார்த்த அனுபவம் யாருக்கும் இல்லை. வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாஞ்சகர்களே உலகைப் படைத்தவன் ஒருவன் வேண்டியதில்லை என்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடவுள் மறுப்பு மேற்கிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்காக.

ஆகவே, நிரூபணம் என்னிடம் இல்லை. பின் எதை வைத்து நம்புகிறேன்? உரையை வைத்து. நாம் அறிந்ததாகச் சொல்வதில் பெரும்பகுதி, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டது. என் பிறந்த நாளை நான் பார்த்ததில்லை, அம்மா சொன்னார். அதை நம்புவது அறிவுக்குப் பொருந்தாதது என்று யாரும் சொல்வதில்லை. அப்பரைப் போல, இழப்பதற்கு நிறைய இருந்தும் அஞ்சாமல், தாம் கண்டதாகச் சொன்னவர்களின் சொல்லை, பொய் என்று காட்டப்படும் வரை நான் ஏற்கிறேன். அமெரிக்கத் தத்துவ அறிஞர் பிளாண்டிங்கா 1967-இல் இன்னொரு வழியில் இதற்கு நெருங்கி வந்தார். பிறருக்கும் என்னைப் போல மனம் உண்டு என்பதை நான் நிரூபித்துவிட்டா நம்புகிறேன்? அது அறிவுக்குப் பொருந்தும் என்றால் கடவுள் நம்பிக்கையும் பொருந்தலாம் என்றார் அவர்.

எலுமிச்சம்பழம் பற்றி ஒரு சொல். நானும் இந்த மலையில் நாற்பது ஆண்டுகள் ஜீப் ஓட்டியவன். பழமும் வைப்பேன், பிரேக்கும் பார்ப்பேன். பழம் வைத்ததால் பிரேக் பார்க்காமல் விட்ட ஓட்டுநர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அது பிரேக்கைப் பற்றிய கருத்து அன்று.

பகலோன்

தோட்டக்கார ஐயாவின் நேர்மைக்கு வணக்கம். தம் பக்கத்து வாதத்தைத் தாமே உடைத்துக் காட்டுகிறவரோடு பேசுவது சுகம். ஆயினும் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

அம்மா சொன்ன பிறந்த நாளுக்குப் பின்னால் பதிவேடு இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறார். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். அடியார் சொல்லுக்குப் பின்னால் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? தவிர, அப்பருக்கு நிகரான நேர்மை உடைய பௌத்தத் துறவியும் சமண முனிவரும் படைத்தவன் இல்லை என்று உயிரைக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். சமமான இரண்டு சாட்சிகள் மாறிச் சொன்னால் நீதிமன்றம் என்ன செய்யும்? பிளாண்டிங்காவின் வாதத்துக்கும் எல்லை கட்டவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கொண்டை ஊசி வளைவில் நிற்பதாகச் சொல்லும் முனியும் நிரூபணம் வேண்டாத அடிப்படை நம்பிக்கை ஆகிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாததை நீங்களும் நம்புகிறீர்களே என்று யாராவது கேட்பதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன். சூரியப் புள்ளிக்குள் வாயு நகர்வதை எந்தக் கண்ணும் கண்டதில்லை. 1909 சனவரியில் எங்கள் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் அணுவளவு விலகியிருப்பதைக் கொண்டு அந்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தார். புள்ளி என்பது ஒரு சுழல் என்ற கருத்து அப்போது வலுத்திருந்தது. ஆனால் கோடுகள் சொன்னது வேறு. வாயு சுழலவில்லை, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியது. அறிஞர்களின் எதிர்பார்ப்பை மறுக்கும் உரிமை அங்கே வானத்துக்கு இருந்தது. உங்கள் நம்பிக்கையை மறுக்கும் உரிமையை நீங்கள் எதற்குக் கொடுத்திருக்கிறீர்கள்? எதற்குமே கொடுக்கவில்லை என்றால், அது அறிவுக்குப் பொருந்துமா என்ற கேள்வியே எழாது. அந்த ஆட்டத்துக்கே நீங்கள் வரவில்லை.

கோத்தகிரிக்காரன்

நான் நீலகிரியில் இருந்து எழுதுகிறேன், படகர். பகலோன் ஐயாவின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. நான் அந்த உரிமையைக் கொடுத்திருந்தேன், அது மறுத்துவிட்டது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. நீலகிரி முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் உறவிலும் ஒரு வீடு போனது. தேயிலைச் சரிவின் அடியில் இருந்த வீடு. காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மேட்டிலிருந்து வந்த சேறு கூரை வரை நின்றது. கதவு மட்டும் சட்டத்தோடு பெயர்ந்து சாலையோரம் கிடந்தது; அதில் பொங்கலுக்கு வைத்த மஞ்சள் பொட்டு அழியவில்லை. அந்த வாரம் முழுவதும் துக்க வீடுகளில் உட்கார்ந்திருந்தேன். தப்பியவர் வீட்டில் “கடவுள் காப்பாற்றினார்” என்றார்கள். போனவர் வீட்டில் “விதி” என்றார்கள். ஒரே மழை, ஒரே இரவு. வரவு மட்டும் அவர் பேரில், செலவு வேறு யார் பேரிலோ. இப்படி எழுதப்பட்ட கணக்கைத்தான் ஐயாவின் மூத்தவர் பொய்க்கணக்கு என்பார் என்று நினைக்கிறேன்.

சரிவுக்குக் காரணம் தெரியாத ஒன்றல்ல. சோலை போன மேடு, செங்குத்தாக வெட்டிய கரை, நீர் வடிய வழியில்லாமல் அடைத்த ஓடை. அவற்றை மனிதன் செய்தான், கடவுள் என்ன செய்வார் என்று என்னிடம் சொன்னார்கள். வீட்டுக்குள் உறங்கிய ஆறு வயதுப் பிள்ளை எந்த ஓடையை அடைத்தது?

இந்தக் கேள்வி புதிதன்று. ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு. பூவணிந்த மகளிர் ஒருபுறம், கணவரை இழந்து கண்ணீர் விடுவோர் ஒருபுறம். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் நேராகவே சொல்லிவிட்டார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சபித்திருக்கிறார். இருவரும் படைத்தவன் இல்லை என்று வாதாடவில்லை. அவன்மேல் வழக்குப் போட்டார்கள். எனக்கும் அதுதான். இருப்பதற்குச் சான்று போதுமா என்று நான் கவலைப்பட்டதே இல்லை. நல்லவர் என்று சொல்லப்பட்டவர் அப்படி நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக்குப் போகிறேன். ஹெத்தை எங்கள் மூதாட்டி; அவரைக் கும்பிடுவதும் இந்த உலகைப் படைத்தவரை நம்புவதும் ஒன்றல்ல என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். இது முரண்பாடு என்று யாராவது சொன்னால் மறுக்கப்போவதில்லை.

மேல்மலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. கோத்தகிரி அண்ணன் எழுதியதற்குப் பதில் சொல்ல முயன்று, எழுதியதை மூன்று முறை அழித்துவிட்டேன். துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கதவைப் பற்றிப் படித்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை, அண்ணா.

ஆனால் இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நம் மொழியில் “நம்பு” என்ற சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறோம். “மழை வரும் என்று நம்புகிறேன்” என்பது ஒன்று. அது ஒரு கருத்து, சரியாகவோ தவறாகவோ முடியும். “உன்னை நம்புகிறேன்” என்பது வேறு. அங்கே நான் ஒரு செய்தியை ஏற்கவில்லை, ஓர் ஆளிடம் என்னை ஒப்படைக்கிறேன். மாணவி கேட்டது முதல் வகை. அப்பா முதல் பல்லை ஊன்றும்போது செய்வது இரண்டாம் வகை என்று நினைக்கிறேன். போன ஆண்டு காற்றிலும் மழையிலும் பாதிக்காடு அழுகிப் போனது. வேலப்பர் ஏன் கைவிட்டார் என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை. புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டை எண்ணிப் பார்த்தார், குறைந்ததை யாரிடம் கடன் வாங்கலாம் என்று அம்மாவிடம் கேட்டார். அடுத்த நடவிலும் செருப்பைக் கழற்றினார். விளைச்சல் வரும் என்று சொல்லும் கருத்தாக அவருடைய நம்பிக்கை இருந்திருந்தால், அது எத்தனையோ முறை பொய்த்துவிட்டது. அவர் மூடரல்லர், அவருக்கும் அது தெரியும். பகலோன் ஐயா கேட்ட உரிமையை அவர் விளைச்சலுக்குக் கொடுக்கவில்லை என்பதே என் ஊகம். வேறு எதற்குக் கொடுத்திருக்கிறார் என்று கேட்டால், அவருக்கே சொல்லத் தெரியாது.

நேற்று அந்த மாணவியை அழைத்து, “அது வேறு, இது வேறு” என்று நான் சொன்னது விடையல்ல என்று ஒப்புக்கொண்டேன். சோதித்துக் காட்ட முடியாத எதையும் ஏற்காதே என்று சொன்னதும் அளவு மீறிய பேச்சுதான் என்றேன். அந்த விதியையே சோதித்துக் காட்ட முடியாதே. நான் கடவுளை நம்புகிறேன், அவர் இருப்பதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, மழைக்கும் மதிப்பெண்ணுக்கும் அவரைக் காரணம் காட்டமாட்டேன், நாளை நீ நம்பாமல் போனால் அதை அறிவுக் குறைவு என்று எண்ணமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆளை நம்ப வேண்டுமென்றால் முதலில் ஆள் இருக்க வேண்டுமே டீச்சர்?” என்று கேட்டாள்.

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டம்

அந்தப் பெண் அருணந்தியார் காலத்தில் பிறந்திருந்தால் உலகாயதனுக்கு வாதம் எழுதித் தந்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஒருவர் இருக்கிறார் என்று முழுக்கத் தெரிந்த பிறகுதான் கூப்பிடுவது என்று நாம் வைத்துக்கொள்வதில்லை. மூட்டத்துக்குள் வழி தவறியவன் குரல் கொடுப்பது, பக்கத்தில் ஆள் இருப்பது உறுதியானதால் அன்று, இருக்கக்கூடும் என்பதால். அது அறிவுக்குப் பொருந்தாத செயல் அன்று. அதற்குமேல் நான் உரிமை கோரவில்லை.

பகலோன்

குரல் கொடுக்கட்டும் ஐயா, அதில் எனக்கு வழக்கில்லை. பதில் வராதபோது வந்ததாக எழுதிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நாற்பது ஆண்டுகள் இரண்டையும் செய்தவர் நீங்கள் என்பதால் எலுமிச்சம்பழ வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆசிரியை அவர்களுக்கு: ஆளை நம்புவதற்கு முன் ஆள் வேண்டும் என்று உங்கள் மாணவி சொன்னதுதான் என் நிலையும், அதை என்னைவிடக் குறைந்த சொற்களில் சொல்லிவிட்டாள். ஆனால் நீங்கள் அவளிடம் ஒப்புக்கொண்டவற்றைப் படித்த பிறகு, உங்கள் நம்பிக்கை அறிவுக்கு ஒவ்வாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஏற்காத நம்பிக்கை என்று மட்டும் சொல்வேன்.

என் வீட்டு முற்றத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி இருக்கிறது. சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்து புள்ளிகளைக் காட்டலாம். நேராகக் கண் வைத்துப் பார்க்க யாரையும் விடமாட்டேன், கவலை வேண்டாம். வகுப்பை அழைத்து வருவதானால் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பென்சிலும் ஆளுக்கொரு தாளும் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் மூட்டம் ஏறிவிட்டால், அதை எப்படி எழுதுவது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டுகிறேன்.